கறுப்பு மணல், பல் எக்ஸ்ரே, ஐந்து நாள் மாத்திரை: வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகும்?

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு பெண் கேட்டிருக்கும் கேள்வி இது. இப்போது 9 வாரக் கர்ப்பம். நாள் தள்ளிப்போவதற்கு நாலைந்து நாள் முன்னால், கர்ப்பம் என்று தெரியாமல், கடைவாய்ப் பல் வலிக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல், பாரசிட்டமாலும் ஐபுப்ரொஃபெனும் கலந்த வலி மாத்திரை என்று ஐந்து நாள் சாப்பிட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் கறுப்பு மணல். “மணல்லயும் கதிர்வீச்சு, எக்ஸ்ரேயும் எடுத்தாச்சு, பிள்ளை கொறையோடதான் பொறக்கும், இப்பமே கலைச்சிரு” என்று மைனி சொல்கிறாராம், மாமியும் கலங்கிப்போயிருக்கிறார். அவர் எழுதியதன் தலைப்பில் கேட்டிருப்பது “கதிர்வீச்சு கருவைப் பாதிக்குமா?” என்று. உள்ளே வாசித்தால் கேள்வி வேறு. இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ளலாமா, நான் ஏதும் தப்புப் பண்ணிவிட்டேனா என்றுதான் அவர் கேட்கிறார்.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பவற்றில் கருவைக் கலைப்பதற்கான காரணம் ஒன்றுகூட இல்லை. நான் மகப்பேறு மருத்துவர். இந்த மாவட்டத்தின் கடற்கரை ஊர்களிலிருந்தும் மலையோர ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் வரும் தாய்மார்களை நீண்ட காலமாகப் பார்த்துவருகிறேன். உங்களை நேரில் பார்க்கவில்லை, மருந்துச் சீட்டையும் பார்க்கவில்லை. ஆகவே உங்களைப் பரிசோதிக்கும் டாக்டர் சொல்வதற்கு இது மாற்றாகாது. ஆனால் எது உறுதியாகத் தெரிந்தது, எதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும். கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள். முடிந்தால் மைனியையும் வாசிக்கச் சொல்லுங்கள்.

கருவுக்குக் கெடுதல் என்று எதைச் சொன்னாலும் மூன்று விஷயம் கேட்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த வாரத்தில். மூன்றாவதை வீட்டில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டாக்டர்கள் சொல்லும் வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு ஆகிறவருக்குக் கரு உண்டாவது ஏறக்குறைய 2 வாரம் கழித்துத்தான். ஆகவே உங்கள் 9 வாரம் என்பது கருவின் வயதில் 7 வாரம். நாள் தள்ளிப்போவதற்கு நாலைந்து நாள் முன்பு என்றால் கரு உண்டாகி ஒன்பது பத்து நாள்தான் ஆகியிருக்கும். கருப்பைச் சுவரில் அப்போதுதான் ஒட்டிப் பதிந்துகொண்டிருந்திருக்கும். அந்த முதல் இரண்டு வாரத்தில் எந்த உயிரணு கையாகும், எது இதயமாகும் என்ற பங்கீடே நடந்திருக்காது. பெரிய சேதம் நேர்ந்தால் கரு தங்காது. பல நேரம் அந்தப் பெண்ணுக்கே தெரியாமல் மாதவிலக்கோடு போய்விடும். தங்கிவிட்டால், போன உயிரணுக்களின் இடத்தை மற்றவை நிரப்பி முழுதாக வளர்ந்துவிடும். உங்கள் கரு தங்கிவிட்டது. ஐந்து நாள் மாத்திரையும் நாள் தள்ளிப்போன சமயத்திலேயே முடிந்திருக்கிறது. சில மருந்துகள் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை.

அதற்கு அடுத்த ஐந்தாறு வாரம்தான் உறுப்புகள் உருவாகும் காலம். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்குக் கர்ப்பம் உறுதியாவதே அந்த நேரத்தில்தான். இந்தக் காலம் எவ்வளவு துல்லியமானது என்பதை உலகம் தாலிடோமைடு என்ற மருந்தால் தெரிந்துகொண்டது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் கொடுத்தார்கள். கரு உண்டான 20-ஆம் நாளுக்கும் 36-ஆம் நாளுக்கும் இடையில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் குறைந்த குழந்தைகள் பிறந்தன. அந்த நாட்களுக்குள்ளேயே முதலில் சாப்பிட்டால் காது, பிறகு கை, கடைசியில் கால் என்று பாதிப்பு மாறியது. 1961 முடிவில் மருந்தைத் திரும்பப் பெறுவதற்குள் பத்தாயிரத்துக்கும் அதிகமான குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். அதே மாத்திரையை அந்த நாட்கள் கழிந்த பிறகு சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குக் கை கால் குறையவில்லை. மூன்று மாதம் தாண்டிவிட்டால் உறுப்பின் வடிவம் கெடும் ஆபத்து பெரும்பாலும் போய்விடும். ஆனால் வளர்ச்சியும் மூளையின் வேலைத்திறனும் ஒன்பது மாதமும் உருவாகிக்கொண்டே இருப்பதால், அவற்றைக் கெடுப்பவை கடைசி வரைக்கும் கெடுக்கலாம்.

இனி எக்ஸ்ரே. ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டு விழுந்தபோது வயிற்றிலிருந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், கரு உண்டாகி 8 முதல் 15 வாரத்துக்குள் பெரிய அளவில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தலை சிறுத்தது, அறிவுக் குறைவு வந்தது. இது உறுதி. ஆனால் கருவின் மேல் படும் அளவு 100 மில்லிகிரேக்குக் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே இருந்தால் உறுப்புக் குறைபாடோ அறிவுக் குறைவோ கூடுவதாகக் காணவில்லை என்பதும், அந்த அளவுக்குக் கீழே கலைப்பதற்குக் கதிர்வீச்சைக் காரணமாகக் காட்டக்கூடாது என்பதும் உலக அளவில் ஏற்றுக்கொண்ட நிலை. மார்பு எக்ஸ்ரே எடுத்தால் கருவுக்குப் போவது ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்குகூட வராது. பல் எக்ஸ்ரேயில் கதிர் தாடையை நோக்கிப் போகிறது. வயிற்றுக்குச் சிதறி வருவது அதைவிடவும் சொற்பம். பூமியிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒவ்வொரு கருவும் ஒன்பது மாதத்தில் ஒரு மில்லிகிரேக்கு நெருக்கமாக வாங்கிக்கொள்கிறது. அதன் முன்னால் உங்கள் பல் எக்ஸ்ரே கணக்கிலேயே வராது. வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேன் பத்து இருபது மில்லிகிரே வரை கொடுக்கும் என்பதால் அதை யோசித்துத்தான் எடுப்போம். அதுவும் 100-க்கு வெகு கீழேதான். கர்ப்பத்தில் எடுக்கும் சாதாரண ஸ்கேன் ஒலி அலையால் ஆனது, அதில் கதிர்வீச்சே கிடையாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

மாத்திரைகளில் அமாக்சிசிலினைக் கர்ப்பிணிகளுக்கு நாங்களே எழுதுகிறோம். மெட்ரோனிடசோல் குறித்து ஒரு காலத்தில் பயம் இருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் குறைபாடு கூடுவதாகத் தெரியவில்லை. பாரசிட்டமால், காய்ச்சலுக்கும் வலிக்கும் தேவையான அளவில், தேவையான நாள் மட்டும், இன்றைக்கும் எங்கள் முதல் மருந்து. ஐபுப்ரொஃபெனில்தான் ஒரு சந்தேகம் உண்டு. கரு உண்டான முதல் வாரங்களில் சாப்பிட்டால் கலைந்துபோகும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில மறுக்கின்றன. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. உறுதியாகத் தெரிந்தது பின்பகுதியைப் பற்றி: 20 வாரத்துக்குப் பிறகு இந்த வகை வலி மாத்திரை குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பனிக்குட நீரைக் குறைக்கலாம், கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய இரத்தக் குழாயை முன்கூட்டியே மூடிவிடலாம். ஆகவே இனிமேல் அந்த மாத்திரை வேண்டாம். பல்லை இன்னும் சரிசெய்யவில்லை என்றால் நாலாம் மாதத்துக்குப் பிறகு போய்ச் செய்துகொள்ளுங்கள். மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசியால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. சீழ் பிடித்த பல்லை வைத்துக்கொண்டு காய்ச்சலோடு கிடப்பதுதான் கெடுதல்.

மணலுக்கு வருவோம். சின்னவிளையிலிருந்து மணவாளக்குறிச்சி, மிடாலம் வரைக்கும் இந்தக் கேள்வி பிரசவ அறைக்கு வெளியே எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறது. கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட் என்ற தாது. அதில் பிரச்சினை இல்லை. கதிர்வீச்சு வருவது அதோடு கலந்து கிடக்கும் மோனசைட் என்ற இன்னொரு தாதுவிலிருந்து, அதிலிருக்கும் தோரியம் என்ற கதிரியக்கப் பொருளால். நம் கரையிலும், கொல்லத்துப் பக்கம் சவறா, கருநாகப்பள்ளிக் கரையிலும் இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியைவிடக் கூடுதல். சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (இங்கே இதை மில்லிகிரேக்கு ஏறக்குறையச் சமமாக வைத்துக்கொள்ளலாம்), கேரளக் கரையில் இடத்துக்கு இடம் மாறி, மிக அதிகமான இடங்களில் ஆண்டுக்கு 45 மில்லிகிரே வரை அளந்திருக்கிறார்கள். அந்த உச்ச அளவிலேயே ஒருவர் ஒன்பது மாதமும் இருந்தாலும் முன்பு சொன்ன 100-ஐத் தொடாது. ஒரே நேரத்தில் படுவதும் மாதக்கணக்கில் சிறுகச்சிறுகப் படுவதும் ஒன்றல்ல. இடையில் உடம்பு சேதத்தைச் சரிசெய்துகொள்ளும்.

கணக்கை விடுங்கள், பிறந்த பிள்ளைகளைப் பார்த்தார்களா என்று கேட்பீர்கள். பார்த்திருக்கிறார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் கேரளக் கரை மருத்துவமனைகளில் 1995 முதல் 2011 வரை 1.4 லட்சத்துக்கும் அதிகமான பிறப்புகளைப் பதிவு செய்தது. கதிர்வீச்சு கூடிய ஊர்களிலும் குறைந்த ஊர்களிலும் பிறவிக் குறைபாடும் இறந்து பிறப்பதும் கதிர்வீச்சைப் பொறுத்துக் கூடவில்லை. இதற்கு மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1976-இல் கொச்சுப்பிள்ளை, ராமலிங்கசுவாமி முதலியோர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, அந்தக் கரையில் டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் கோளாறு) அதிகம் என்றது. அது சாதாரணமானவர்கள் செய்த ஆய்வல்ல. ஆனால் அதில் எண்ணிக்கை சிறியது. தாயின் வயது போன்ற விஷயங்களை வைத்துக் கேள்விகள் எழுந்தன. பிறகு வந்த பெரிய கணக்கெடுப்பு அதை உறுதிப்படுத்தவில்லை. இரண்டையும் தராசில் வைத்தால் நான் பெரிய ஆய்வின் பக்கம் நிற்கிறேன். அதற்கும் எல்லை உண்டு. அது கொல்லம் கரையில் நடந்தது, மணல் ஒரே வகை என்பதால் நமக்கும் பொருத்திப் பேசுகிறோம். பிறக்கும்போது கண்ணுக்குத் தெரியும் குறைபாடுகளைத்தான் அது எண்ணியது. ஆகவே “மணலால் எதுவுமே இல்லை” என்று சத்தியம் செய்ய மாட்டேன். “மணல் வீட்டில் இருப்பதால் கலைத்துவிடு” என்று சொல்ல அறிவியலில் ஆதாரம் இல்லை என்பதை உறுதியாகச் சொல்வேன். உங்கள் வீட்டுக்காரர் மணல் ஆலையில் தூசிபடும் வேலை செய்கிறவராக இருந்தால், குளித்து உடை மாற்றிவிட்டு வீட்டுக்கு வரட்டும். நீங்களே கதிர்வீச்சுள்ள வேலையில் இருந்தால் உடனே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். கர்ப்பத்தைச் சொன்ன பிறகு கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டுக்குள் தரை நிரப்ப இந்த மணலை அள்ளிப் போட வேண்டாம். அவ்வளவுதான்.

பயத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் ஆதாரம் உண்டு. 1986-இல் செர்னோபில் அணு உலை வெடித்த பிறகு கிரீஸ் நாட்டில் கர்ப்பிணிகள் பயந்துபோனார்கள், சில மருத்துவர்களும் பயந்தார்கள். அங்கே பட்ட கூடுதல் கதிர்வீச்சு ஒரு மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. ஆனாலும் ஆசைப்பட்டுச் சுமந்த ஏறத்தாழ 2,500 கர்ப்பங்கள் கலைக்கப்பட்டிருக்கும் என்று அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கணக்குக் காட்டினார்கள். “எதுக்கும் கலைச்சிரு” என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணிக்கைதான் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லில் அக்கறை இருக்கலாம், ஆனால் அதன் விலையைச் சொல்கிறவர் கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எந்த மாத்திரையும் தொடாத, எந்த எக்ஸ்ரேயும் எடுக்காத 100 தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் இரண்டு மூன்று பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கிறது. அவற்றில் பெரும்பான்மைக்குக் காரணம் இன்றைக்கும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு பங்கு மரபணுவால். மருந்தாலும் ரசாயனத்தாலும் வருவது நூறில் ஒன்றிரண்டுதான். அந்த அடிப்படை வாய்ப்பு உங்களுக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. உங்கள் எக்ஸ்ரேயும் மாத்திரையும் அதைக் கூட்டவில்லை என்பதே நான் தரக்கூடிய உறுதி.

இப்போது நீங்கள் கேட்காத பக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் பிள்ளைகளை உண்மையாகவே கெடுக்கிறவை பெரும்பாலும் யாரும் கேட்காதவைதான். முதலாவது, கலைக்கச் சொல்லும் பேச்சிலேயே இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் யாரையாவது விட்டு வாங்கிவரும் கலைப்பு மாத்திரை. டாக்டர் பார்க்காமல் சாப்பிட்டுப் பாதியில் நின்று, “சரி, பிள்ளை இருக்கட்டும்” என்று மனம் மாறி வருகிறவர்களைப் பார்க்கிறேன். அதிலிருக்கும் மிசோப்ரோஸ்டால், கலையாமல் தங்கிவிட்ட கருவில் முகநரம்பு செயலிழப்பும் கைகால் குறைபாடும் உண்டாக்கக்கூடும் என்பது பிரேசிலில் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. எல்லாருக்கும் வராது, ஆனால் இது நிரூபணமான தீங்கு. இல்லாத ஆபத்துக்குப் பயந்து இருக்கிற ஆபத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது இது. கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருப்பது தெரியாமல் அதைச் சாப்பிட்டால் தாயின் உயிருக்கே கேடு.

இரண்டாவது சர்க்கரை. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்து, கட்டுக்குள் இல்லாமல் கரு உண்டானால், இதயமும் தண்டுவடமும் பாதிக்கப்படும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஆபத்து. நம் ஊரில் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கே சர்க்கரை இருக்கிறது, பாதிப் பேருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் பார்ப்பது இதற்காகத்தான். 140-ஐத் தொட்டால் கர்ப்பச் சர்க்கரை. சர்க்கரை நோய் மருத்துவர் சேஷய்யா போன்றவர்கள் வற்புறுத்திக் கொண்டுவந்த பரிசோதனை. முதல் வருகையிலேயே செய்துவிட்டு, 24 வாரத்துக்கு மேல் திரும்பவும் செய்ய வேண்டும். “அந்தத் தண்ணியைக் குடிச்சா வாந்தி வருது” என்று தவிர்க்காதீர்கள்.

மூன்றாவது, தினமும் சாப்பிடும் மருந்துகள். வலிப்புக்கான வால்ப்ரோயேட்தான் இதில் தலையானது. அதைச் சாப்பிடும் தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குப் பெரிய குறைபாடும், முப்பது நாற்பது பேருக்குப் பேச்சிலோ படிப்பிலோ வளர்ச்சித் தாமதமும் வருகிறது. ஆனால் கர்ப்பம் என்று தெரிந்ததும் தானாக நிறுத்திவிட்டால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போகலாம். கல்யாணத்துக்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் போய் லாமோட்ரிஜின், லெவடிராசிட்டம் போன்றவற்றுக்கு மாற முடியுமா என்று கேட்க வேண்டும். பெண் பார்க்க வரும்போது வலிப்பை மறைக்கிற வழக்கத்தால் இந்த ஒரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது, அதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட், இதய வால்வுக்கான வார்ஃபரின், ‘பிரில்’ என்றும் ‘சார்ட்டன்’ என்றும் முடியும் பிரஷர் மாத்திரைகள், இவையும் முன்கூட்டியே பேச வேண்டியவை.

தைராய்டு, உப்பு, மரச்சீனி (மரவள்ளி) மூன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். முதல் மூன்று நாலு மாதம் குழந்தையின் மூளை தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான் வளர்கிறது. அதற்கு அயோடின் வேண்டும். கடலோரத்தில் இருப்பதால் அயோடின் தானாகக் கிடைத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. சாமித்தோப்பு, புத்தளம் பக்கத்து உப்பளக் கல்லுப்பை மூட்டையாக வாங்கி வைக்கும் வீடுகள் இன்னும் உண்டு. சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பு எடுங்கள். மரச்சீனிக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அது உடம்பில் தயோசயனேட்டாக மாறி, அயோடின் குறைந்த இடத்தில் தைராய்டை மேலும் அமுக்குகிறது. காங்கோவில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். நம் வழக்கப்படி நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, மீன்கறியோடு சாப்பிட்டால் பயமில்லை. தினமும் மூன்று வேளையும் அதுவே என்றால்தான் யோசிக்க வேண்டும்.

மீனை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தாதீர்கள். 1950-களில் ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக் கழிவிலிருந்த பாதரசம் மீன் வழியாகத் தாய்மாருக்குப் போய், தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமலே குழந்தைகளின் மூளை சிதைந்து பிறந்தது உண்மை. பாதரசம் பெரிய மீனில்தான் சேரும், சிறு மீனைத் தின்று தின்று. தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலில் பிடித்துவரும் சுறா, பெரிய சூரை, மயில்மீன் இவற்றை இந்த ஒன்பது மாதமும் பால் கொடுக்கும் காலமும் தள்ளி வையுங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுக்கும் வழக்கம் இங்கே ஆழமானது. குட்டிச் சுறாவில் பாதரசம் குறைவுதான், ஆனாலும் நாள்தோறும் வேண்டாம். சாளையும் நெத்தோலியும் அயிலையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு அவற்றில்தான் இருக்கிறது, விலையும் குறைவு.

புகையைப் பற்றிச் சந்தேகமே இல்லை. வீட்டுக்காரர் உங்கள் பக்கத்தில் இருந்து பிடிக்கும் பீடியும், ஓலையும் சிரட்டையும் எரியும் அடுப்பும் குழந்தையின் எடையைக் குறைக்கின்றன. மேற்கே ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லும் முந்திரி ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள் வறுக்கும் இடத்துப் புகையிலிருந்து தள்ளி, தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மது அதிகம் குடித்தால் குழந்தையின் முகமும் மூளையும் பாதிக்கும் என்பது 1973-இலிருந்து உறுதியாகத் தெரிந்த விஷயம். கொஞ்சம் குடித்தால் என்ன என்பதில்தான் சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எவரும் காட்டாததால் வேண்டாம் என்கிறோம். மருந்தென்று குடிக்கும் அரிஷ்டத்திலும் நொதித்து வந்த மது இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நாட்டு மருந்து பற்றிப் பேசினால் இங்கே சிலருக்குக் கோபம் வரும். நம் மாவட்டத்து வைத்தியர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. சுக்கும் சீரகமும் போட்ட கஷாயத்தைப் பற்றி நான் பேசவில்லை. பற்பம், செந்தூரம் என்று ஈயமோ பாதரசமோ சேர்ந்து வரும் மருந்துகளைப் பற்றித்தான் பேசுகிறேன். 2011, 2012-இல் நியூயார்க்கில் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்ட ஆறு கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை அந்நகர சுகாதாரத் துறை கண்டுபிடித்தது. ஆண் குழந்தை பிறக்கவென்று கொடுக்கப்பட்டவையும் அவற்றில் இருந்தன. ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் மூளைக்குப் போகும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத எதையும் கர்ப்பத்தில் சாப்பிடாதீர்கள்.

வாழைக்கும் ரப்பருக்கும் அடிக்கும் மருந்துகளில்தான் எனக்கே உறுதியாகப் பேச வரம்பு இருக்கிறது. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்பானும் அங்கே பிறந்த குழந்தைகளின் துயரமும் எல்லாருக்கும் தெரியும். 2011-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தடை செய்தது. ஒவ்வொரு குழந்தையின் குறைக்கும் அதுதான் காரணமா என்ற அறிவியல் வாதம் முழுதாகத் தீரவில்லை. ஆனால் பூச்சிமருந்து கலக்குவதும் தெளிப்பதும் கர்ப்பிணி செய்யும் வேலையில்லை என்பதற்கு அந்த வாதம் தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தெளித்த அன்றைக்குத் தோட்டத்துக்குள் போகாமலிருங்கள், தெளித்தவர் துணியைத் தனியாகத் துவைக்கட்டும். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் ஆவி மூச்சை அடைக்கும் என்பதால் அந்த வேலையையும் வேறு கை பார்க்கட்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஃபோலிக் ஆசிட் இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். நரம்புக் குழாய் மூடும் வாரம் உங்களுக்குத் தாண்டிவிட்டது, ஆனாலும் தேவைதான். அடுத்த பிள்ளைக்குத் திட்டமிட்டால் ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பிடுங்கள். தைராய்டு, சர்க்கரை, இரத்த அளவு பார்த்துவிடுங்கள். காய்ச்சல் வந்தால் கிடந்து பார்க்காமல் உடனே வாருங்கள், நம் எல்லையைத் தாண்டினால் வரும் பாறசாலை வட்டாரத்தில் 2021-இல் கொசு பரப்பும் ஜிகா வைரஸ் காய்ச்சல் வந்தது என்பதால் கொசுவலையும் கட்டிக்கொள்ளுங்கள். 11 வாரத்திலிருந்து 13 வாரம் முடிவதற்குள் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேன். இரண்டாவதைத் தள்ளிப்போடாதீர்கள். இதயம், தண்டுவடம், சிறுநீரகம், கைகால் எல்லாம் அதில் பெருமளவு தெரியும். மூளையின் திறமையோ எல்லா மரபணுக் கோளாறுமோ தெரியாது. அதில் ஏதாவது பெரிதாகத் தெரிந்தால் அப்போது யோசிக்க 2021-இல் திருத்திய சட்டம் வழி வைத்திருக்கிறது. 20 வாரம் தாண்டியும் இரண்டு மருத்துவர்களின் கருத்தோடும், அதற்கும் மேலே மருத்துவக் குழுவின் அனுமதியோடும் முடிவெடுக்கலாம். ஆகவே பயத்தின்பேரில் இன்றைக்கே எதையும் தீர்மானிக்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கோ போகும்போது பல் டாக்டரின் சீட்டையும், நீங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்து சாப்பிட்டுவரும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதன் அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். யாருக்கும் தெரியாமல் சாப்பிடுவதாக இருந்தால் மாமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்; எந்த டாக்டரும் அதற்கு நேரம் ஒதுக்குவார்.